பழங்காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்: இனங்காண 20 குறிப்புகள்

அத்திவாரம் வெட்டும்போது, கிணறு இறைக்கும்போது, வட்டையில் வரம்பு கட்டும்போது மண்ணோடு மண்ணாக ஒரு வட்டத் தகடு கையில் அகப்படலாம். சில வீடுகளில் அது மூத்தம்மாவின் பெட்டகத்து அடியில், பழைய வெற்றிலை வட்டாவுக்குள் கிடக்கும். கண்டவுடன் நம் கை போவது பழப்புளிக்கும் சாம்பலுக்கும்தான். சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு செம்புக் காசைத் தேய்தேய் என்று தேய்த்தோம். பளபளவென்று வந்தது. அதிலிருந்த எழுத்து போய்விட்டது. அது யார் அடித்த காசு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தவறு உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே சாய்ந்தமருது வாசகர்களுக்கு இந்தக் குறிப்புகள்.

1. புளி, தேசிக்காய், வினாகிரி, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். செம்புக் காசு மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும்போது அதன் மேல்தோல் பச்சையாகவும் கறுப்பாகவும் மாறுகிறது. எழுத்தின் மேடுபள்ளம் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் தங்கியிருக்கும். புளிப்பு அந்தத் தோலைக் கரைத்துவிடும். மிஞ்சுவது செம்புத் துண்டு மட்டுமே. சேகரிப்பாளர்களும் தேய்த்த காசை விரும்புவதில்லை.

2. மண் ஒட்டியிருந்தால் நிழலில் உலரவிட்டு, மென்மையான ஓவியப் பிரஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். ஊசி, கத்தி, கம்பித் தும்பு வேண்டாம். இறுகிப்போன மண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். அதை எடுப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

3. கிடைத்த இடத்தை அன்றே எழுதி வையுங்கள். எந்த வளவு, எத்தனை அடி ஆழம், என்ன தேதி, பக்கத்தில் ஓடோ சட்டியோ இருந்ததா என்பவை போதும். கடலோரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி கரையோர மண்ணைப் புரட்டிப் போட்டது. அந்த மணலில் கிடைத்த காசு அங்கேயே புதைந்திருந்தது என்று சொல்ல முடியாது. அதற்குக் கீழே, அசையாத கறுப்பு மண்ணில் கிடைத்த காசுக்குத்தான் இடத்தைப் பற்றிச் சொல்லும் தகுதி உண்டு. தோணாவில் வாரிய சேற்றில் வந்தது என்றால் அதையும் குறியுங்கள்.

4. ஒரே இடத்தில் பல காசுகள் கிடைத்தால் பங்கு போடாதீர்கள். முட்டியில் இருந்தால் முட்டியோடும் மண்ணோடும் அப்படியே வையுங்கள். பத்துக் காசு பழையதாகவும் ஒன்று மட்டும் பிந்தியதாகவும் இருந்தால், அந்தப் பிந்திய காசுக்கு முன்னர் முட்டி புதைக்கப்பட்டிருக்க முடியாது. அந்த ஒன்றை யாராவது சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டால் மொத்தக் குவியலின் கணக்கும் பிழைத்துவிடும்.

5. முதல் சோதனை காந்தம். இடைக்காலக் காசுகள் பொன், வெள்ளி, செம்பு அல்லது இவற்றின் கலவை. இவை எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது. அது இந்தக் காலத்துச் சில்லறையாகவோ பூச்சுப் பூசிய போலியாகவோ இருக்கலாம்.

6. அடுத்தது எடை. நகைக்கடைத் தராசில் இரண்டு தசமத்துக்கு நிறுத்துக் கேளுங்கள். பவுணுக்கு 8 கிராம் என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. பொலன்னறுவைக் காலத்துச் செம்புக் காசு அரைப் பவுணை ஒட்டி, ஏறத்தாழ 4 கிராம் இருக்கும். அகலம் 2 சென்ரிமீற்றர் அளவு. தேய்ந்த காசு சற்றுக் குறையும். எடை எக்கச்சக்கமாகக் கூடினாலோ குறைந்தாலோ அது வேறு இனம்.

7. எழுத்தைப் பார்க்க நேர் வெளிச்சம் உதவாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, போனின் டோர்ச்சைக் காசின் பக்கவாட்டில், மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பிடியுங்கள். மேடெல்லாம் ஒளிரும், பள்ளமெல்லாம் இருளும். காசை மெல்லச் சுழற்றி நாலு திசையிலும் இரு பக்கமும் படமெடுங்கள். அளவு தெரிய அருகில் ஓர் அடிமட்டத்தை வையுங்கள்.

8. கோடு கோடாய் ஒரு மனிதன் தெரிகிறானா? ஒரு பக்கம் நிற்கிறான், மறுபக்கம் அமர்ந்திருக்கிறான், அமர்ந்தவனின் கைக்குக் கீழே எழுத்து இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் 10ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 13ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காசு. இலங்கை மன்னர்கள் அடித்த இந்தச் செம்புக் காசை ‘மஸ்ஸ’ என்பார்கள். தலை ஒரு புள்ளி, கை கால்கள் கம்பி போல, இடுப்பிலிருந்து தொங்கும் ஆடை சில வளைகோடுகள். முதன்முதலில் பார்ப்பவருக்கு அது ஆள் என்றே தோன்றாது. தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பூ, மரம் என்று சொல்பவர்களும் உண்டு. அமர்ந்த உருவத்தை நிமிர்த்திப் பிடித்தால் எழுத்தும் நேராகிவிடும்.

9. அந்த எழுத்து நாகரி. அது தெரியாதே என்று விட்டுவிட வேண்டாம். ‘ஸ்ரீ’க்குப் பின்னால் ஒரே இரண்டு எழுத்துகள் இரண்டு முறை வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் அது ‘ராஜ ராஜ’. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராஜராஜ சோழனின் காசு. சோழர் அநுராதபுரத்தை வீழ்த்திப் பொலன்னறுவையை ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்ட காலத்தை ஒட்டியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிற்கும் ஆள், இருக்கும் ஆள் என்ற அந்த மாதிரி தஞ்சாவூரில் பிறந்ததல்ல. இலங்கையின் பழைய பொற்காசில் இருந்ததைச் சோழர் எடுத்துக்கொண்டார்கள் என்பதே நாணயவியலாளர் பலரின் முடிவு. சோழரை 1070இல் விரட்டிய முதலாம் விஜயபாகுவும் அதே சாயலில்தான் தன் பெயரை அடித்தான்.

10. பெயர் நீளமாக இருந்தால் ஆளை அடையாளம் காண்பது எளிது. பராக்கிரமபாகு, சோடகங்கன், சாகசமல்லன், தர்மாசோகன், புவனேகபாகு ஆகியோரின் பெயர்கள் மஸ்ஸக் காசுகளில் வருகின்றன. இவர்களுக்கிடையே ஒரு பெண்ணும் இருக்கிறார். அவர் பராக்கிரமபாகுவின் மனைவி லீலாவதி. 1197க்கும் 1212க்கும் இடையில் மூன்று முறை அரியணை ஏறியவர். அவருடைய காசில் ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’ என்று இருக்கும். உருவம் மட்டும் மற்ற மன்னர்களுடையதைப் போலவேதான். ஆகவே படத்தைப் பார்த்து இது அரசனுடையது என்று முடிவுகட்டாதீர்கள். எழுத்தைப் பாருங்கள்.

11. காளை படுத்திருக்கிறது, மேலே பிறை, கீழே தமிழில் இரண்டு எழுத்து. இது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் ‘சேது’ காசு. 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் வந்த வரிசை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததோடு அந்த அரசு முடிந்தது. மறுபக்கத்தில் விளக்குகளுக்கு நடுவே நிற்கும் உருவம் இருக்கும். இலங்கையில் தமிழ் தெரிந்த எவரும் உதவியின்றி வாசிக்கக்கூடிய இடைக்காலக் காசு இதுதான்.

12. வாசிக்கும்போது ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துத் தமிழில் குறில் ‘செ’, நெடில் ‘சே’ இரண்டுக்கும் ஒரே கொம்புதான். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கமும் இல்லை என்றே சொல்லலாம். எனவே ‘சேது’ உங்கள் கண்ணுக்கு ‘செது’ என்று படும். பாண்டியர் காசில் மீன் உருவத்தோடு வரும் ‘எல்லாந்தலையானான்’, ‘சோணாடு கொண்டான்’ போன்ற பட்டங்களும் புள்ளியில்லாமல்தான் நிற்கும். வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் பாருங்கள். கண்ணுக்கு எட்டாதது சில வேளை காதுக்கு எட்டும்.

13. அரபு எழுத்துக் காசு கிடைத்தால் ஓதல் பள்ளியில் படித்தது கைகொடுக்கும். உமையா கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் உருவத்தை நீக்கி எழுத்து மட்டும் கொண்ட தீனாரை அடித்தார். அதன் எடை ஏறக்குறைய 4.25 கிராம். அதிலிருந்து கலிமாவே பல இஸ்லாமியக் காசுகளின் நடுப்பகுதியில் நிற்கிறது. பழைய கூஃபி எழுத்தில் புள்ளிகள் இருக்காது. ‘பே’யும் ‘தே’யும் ‘நூனு’ம் ஒன்று போலவே தெரியும். அதனால் முதலில் கலிமாவைத் தேடுங்கள். அது மனப்பாடம் ஆகையால் எழுத்தின் பாணி பிடிபட்டுவிடும். பிறகு விளிம்பைச் சுற்றி ‘ளுரிப’ என்ற சொல்லைத் தேடுங்கள். ‘அடிக்கப்பட்டது’ என்று பொருள். ஊர்ப் பெயரும் ஆண்டும் அந்தச் சொல்லைத் தொடர்ந்து வரும்.

14. பழைய அரபுக் காசுகளில் ஆண்டு இலக்கத்தில் இராது, சொல்லில் இருக்கும். ‘ஸனத’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒன்று, பத்து, நூறு என்ற வரிசையில் வாசியுங்கள். கிறிஸ்து ஆண்டாக்க ஒரு சுலபக் கணக்கு: ஹிஜ்ரி ஆண்டை 33ஆல் வகுத்து, வந்ததை அதே ஆண்டிலிருந்து கழித்து, 622ஐக் கூட்டுங்கள். ஹிஜ்ரி 740 என்றால் 33ஆல் வகுக்க 22, கழிக்க 718, கூட்ட 1340. அது மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலம். ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹ் தொடங்கிய அந்த அரசின் சிறிய காசுகளில் ‘அஸ்ஸுல்தான்’ என்ற பட்டத்தைக் காணலாம். இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்துவிட்டு மதுரை சுல்தானிடம் போனதும் இதே காலத்தில்தான்.

15. துருப்பிடித்த தூண்டில் முள் போல ஒன்று கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். நம் கடற்கரையில் அப்படி எறிபட வாய்ப்புள்ள காசு ‘லாரின்’. வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து, தட்டி, இரு பக்கமும் அரபு எழுத்து முத்திரை அடித்திருப்பார்கள். இலங்கையில் அதன் ஒரு முனையைக் கொக்கியாக வளைத்துவிட்டார்கள். சிங்களத்தில் ‘கொக்கு ரிதி’ என்பார்கள். ‘லாரின்’ என்பது பாரசீகத்து லார் என்ற ஊரின் பெயரால் வந்தது. மாலைதீவின் சில்லறைக்கு இன்றும் ‘லாரி’ என்றுதான் பெயர். இது 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பெருவழக்காக இருந்தது. முத்திரையில் அச்சு முழுதாக விழாததால் எழுத்து பாதிதான் தெரியும், சிலவற்றில் அது அரபு போலத் தோன்றும் வெறும் கீறல். கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபட் நொக்ஸ், மக்கள் இந்தக் காசைச் சோதித்த முறையை எழுதியிருக்கிறார்: நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்களாம், நன்றாக வெளுத்தால்தான் ஏற்பார்களாம். நீங்கள் அதைச் செய்து பார்க்க வேண்டாம். தூண்டில் முள் இரும்பு, லாரின் வெள்ளி. உங்களுக்குக் காந்தமே போதும்.

16. நடுவில் சதுரத் துளை, சுற்றி நாலு எழுத்து என்றால் சீனக் காசு. யாப்பகுவவில் இவை கிடைத்திருக்கின்றன. சீனத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொண்டுவந்த கல்வெட்டு காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. அந்தக் கடல் வழியில் வந்த சில்லறைதான் இது. நாலு எழுத்தையும் படமெடுத்துச் சீனம் தெரிந்தவரிடம் காட்டினால் பேரரசரின் ஆட்சிப் பெயரைச் சொல்லிவிடுவார். இதே உருவத்தில் அலங்காரத்துக்காகச் செய்த புதிய பித்தளைக் காசுகளும் கடைகளில் நிறைய உண்டு. கவனம்.

17. பொன் போலத் தெரிந்தால் தட்டாரிடம் உரசக் கொடுக்காதீர்கள். தண்ணீர்ச் சோதனை போதும். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து நுண்தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியிலோ ஓரத்திலோ தொடாமல் முழுதாக முக்குங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். விடை 19ஐ ஒட்டி வந்தால் நல்ல பொன், 10.5 என்றால் வெள்ளி, 8.9 என்றால் செம்பு. உதாரணமாக, 4.3 கிராம் காசுக்குத் தராசு 0.22 காட்டினால் பொன். 0.48 காட்டினால் செம்பின் மேல் பொன் முலாம். இலங்கையின் இடைக்காலப் பொற்காசு ‘கஹவனு’. அது ஒரு கழஞ்சு எடை. அதில் எட்டில் ஒரு பங்கு ‘அக’. அரை கிராமுக்கும் குறைவான பொன் பணங்களும் உண்டு, பருப்பு அளவுதான், கூட்டும்போது குப்பையோடு போய்விடும். ஒருவர் முன்னால் இன்னொருவர் மண்டியிட்டிருக்கும் மெல்லிய பொற்காசு என்றால் 1284இல் வெனிஸ் நகரம் தொடங்கிய டுக்கட். நகைக்காக இந்த மாதிரியைப் பார்த்துச் செய்த போலிகளில் எழுத்து வெறும் கோடுகளாகச் சிதைந்திருக்கும்.

18. பழசெல்லாம் இடைக்காலம் அல்ல. V, O, C என்ற மூன்று எழுத்து ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருந்தால் ஒல்லாந்தக் கம்பனியின் 18ஆம் நூற்றாண்டுச் செம்புக் காசு. பெரும்பாலும் ஆண்டும் இலக்கத்தில் இருக்கும். நாம் சொல்லும் ‘துட்டு’ அந்தக் காசின் ஒல்லாந்தப் பெயரிலிருந்து வந்ததுதான். யானை நின்றால் ஆங்கிலேயரின் தொடக்க காலம். தென்னை போன்ற தாளிப்பனை இருந்தால் 1870க்குப் பிந்திய சதக் காசு. மறுபுறம், விரல் நகத்தளவு தடித்த செம்புப் பொட்டில் தலை உருவம் தெரிந்தால் அது இடைக்காலத்துக்கும் முந்திய ரோமர் காசாக இருக்கலாம். அவையும் இலங்கையில் ஏராளம் கிடைத்தவை.

19. போலியை விளிம்பில் பிடிக்கலாம். சீனக் காசைத் தவிர, அந்தக் காலத்துக் காசு வார்ப்பில் செய்ததல்ல, அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்தது. அடி நடுவில் விழாது, எழுத்தில் பாதி வெளியே போய்விடும், விளிம்பு வெடித்திருக்கும். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள்கூட அச்சொட்டாக ஒன்றுபோல் இரா. ஒரே வெடிப்பு, ஒரே சாய்வு, ஒரே தேய்மானம் இரண்டு காசில் இருந்தால் குறைந்தது ஒன்றாவது வார்த்தெடுத்த போலி. விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடுவதும், முகத்தில் ஊசிமுனைக் குழிகள் இருப்பதும் வார்ப்பின் அடையாளங்கள். துளையிட்ட காசைப் போலி என்று தள்ள வேண்டாம். யாரோ கழுத்திலோ அரைஞாணிலோ கோத்திருக்கிறார்கள் என்றே பொருள்.

20. உப்புக் காற்று செம்புக்கு எதிரி. காசில் வெளிர்ப் பச்சை மா போல ஒன்று பொட்டுப் பொட்டாகப் பூத்து, துடைத்தாலும் திரும்பத் திரும்ப வந்தால் அது நோய். உப்பிலுள்ள குளோரைட்டும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்கின்றன. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். வழவழப்பான கடும்பச்சை நோயல்ல, அது காசுக்குப் போர்வை. ஒவ்வொரு காசையும் தனித்தனிக் கடதாசி உறையில் இட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொதியோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மலிவான நெகிழிப் பை வேண்டாம், அதுவும் காலப்போக்கில் காசைக் கெடுக்கும். விரலால் முகத்தைத் தொடாமல் விளிம்பில் பிடியுங்கள்.

இனி எல்லாவற்றுக்கும் மேலான ஒரு சங்கதி. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி மண்ணுக்குள்ளோ ஆற்றிலோ கடலிலோ மறைந்து கிடக்கும் தொல்பொருள் அரசின் உடைமை. 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முற்பட்டவை தொல்பொருளாகக் கருதப்படும். ஆகவே ஒல்லாந்தர் துட்டும் அதில் அடங்கும். புதையல் என்றதும் மார்க்கத்தில் ‘ரிகாஸ்’ என்ற ஐந்தில் ஒரு பங்குச் சட்டம் நம் நினைவுக்கு வரும். அதை ஆலிமிடம் கேட்கலாம், ஆனால் நாட்டுச் சட்டம் அதற்கு முன்னால் நிற்கிறது. அனுமதியில்லாமல் தோண்டுவதும் நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் குற்றம். தற்செயலாகக் கிடைத்தால் கிராம உத்தியோகத்தரிடமோ சாய்ந்தமருது பிரதேச செயலகத்திலோ உடனே சொல்லி, அவர்கள் மூலம் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

ஒப்பிட்டுப் பார்த்துப் பழக, கொழும்புக்குப் போகும்போது தேசிய நூதனசாலைக்கும், கோட்டையில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்கும் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். பக்கத்தில் காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை இருக்கிறது. தமிழும் அரபும் எழுத்துக்கூட்டத் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு, இந்தக் கடல் வழியே வந்த காசுகளில் பாதியைத் திறக்கும் இரண்டு சாவிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

பழப்புளி மீன் ஆணத்துக்கு இருக்கட்டும். காசுக்கு ஒரு கடதாசி உறையும், அதன் மேல் கிடைத்த இடமும் தேதியும் போதும்.